கொள்கையும் குழந்தையும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்து இடம் கிடைப்பது பூர்வ ஜன்மப் புண்ணியத்தைப் பொறுத்த விஷயம். 2012ஆம் வருஷத்தில் ஒரு நாள் எனக்கு அந்தப் புண்ணியம் வாய்த்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் மூன்றாவது கொண்டை ஊசி வளைவு வரையில் மௌனமாக வந்தார். நாலாவது வளைவில் திரும்பி, "சாருக்கு மேலேதான் வீடா?" என்றார். ஆமாம் என்றேன்.

"குழந்தைகள்?"

"ஒரு பெண்."

"மேலே எந்த ஸ்கூலில் படிக்கிறாள்?"

ஏற்காட்டில் இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் இரண்டு மூன்று பெயர்களில் ஒன்றைத்தான் எதிர்பார்ப்பார்கள். நான் எங்கள் வீட்டுக்குக் கீழே, காப்பித் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் பெயரைச் சொன்னேன்.

"ஓ! சாருக்கு அங்கே வாத்தியார் வேலையா?"

"இல்லை. என் பெண் படிக்கிறாள்."

பெரியவர் அதற்குப் பிறகு பேசவில்லை. இருபதாவது வளைவும் தாண்டி, ஏரி தெரிந்து, பஸ் நின்றது. இறங்கும்போது என் தோளில் மெதுவாகக் கை வைத்து, "கஷ்ட காலம் எல்லாம் கொஞ்ச நாள்தான் சார். பகவான் ஒரு வழி விடுவான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இதை வீட்டில் சொல்லிச் சிரித்தேன். என் மனைவி சிரித்தாள். என் மாமனார் சிரிக்கவில்லை.

மாமனார் ஏன் சிரிக்கவில்லை என்பதைச் சொல்லுமுன் இந்த மலையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். சேர்வராயன் மலைக்கு வெள்ளைக்காரர்கள் இரண்டு விஷயங்களைக் கொண்டுவந்தார்கள். ஒன்று காப்பி, 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் கொண்டுவந்து பயிரிட்டது. மற்றொன்று விடுதிப் பள்ளிக்கூடம். குளூனி சபைக் கன்னியாஸ்திரீகளின் சேக்ரட் ஹார்ட் கான்வென்ட் 1894ல் தோன்றியது. மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917ல் வந்தது. சசி தரூரும், கிரிக்கெட் வீரர் ரோஜர் பின்னியும், நடிகர் விக்ரமும் இங்கே படித்தவர்கள்தான். ஜூன் மாதம் பிறந்தால் மலைப்பாதை முழுவதும் கார்கள். கார்களுக்குப் பின்னால் பெட்டி படுக்கை. உள்ளே அழுத முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு பையன். காப்பிக்கும் கல்விக்கும் குளிர்ச்சியான சீதோஷ்ணம் தேவை என்று யாரோ தீர்மானித்திருக்க வேண்டும்.

ஆனால் மலையில் பிறந்த குழந்தைகளும் இருக்கிறார்களே! இந்த மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. மலையை ஆள்கிறவன் மலையாளி. பேசுவது தமிழ், அதுவும் நல்ல தமிழ். மலையை ஆள்கிறவர்களின் பிள்ளைகள் படிப்பது பெரும்பாலும் பஞ்சாயத்துப் பள்ளிகளிலும், பழங்குடியினருக்கான அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளிலும். ஒரே மலையில், ஒரே மூடுபனியில், இரண்டு உலகங்கள் தினமும் காலை எட்டரை மணிக்குச் சாலையில் எதிரும் புதிருமாகக் கடந்து போகின்றன.

நானும் என் மனைவியும் முதல் உலகத்தைச் சேர்ந்தவர்கள். நான் படித்தது வேறொரு மலையில், வேறொரு விடுதிப் பள்ளியில். அங்கே தமிழில் ஒரு வார்த்தை பேசினால் 25 பைசா அபராதம். கணக்குப் பார்த்தால், நான் பின்னாளில் எழுதிச் சம்பாதித்த சொற்பத் தொகையில் பாதியை அப்போதே அபராதமாகக் கட்டிவிட்டேன் என்று தோன்றுகிறது. எனக்குத் தமிழ் கற்பித்தவர் விடுதிச் சமையல்காரர். கடலைப் பொட்டலம் கட்டி வந்த பத்திரிகைத் தாள்கள்தாம் பாடப் புத்தகம். முடிவு தெரியாத தொடர்கதைகளாகப் படித்துப் படித்து, முடிவை நானே எழுதிக்கொள்ள ஆரம்பித்தேன். நாவலாசிரியன் ஆனது அப்படித்தான். இன்றைக்கும் என் கதைகளில் கிராமத்து மனிதர்கள் பேசும்போது ஏதோ ஓர் இடத்தில் சுருதி தப்புகிறது என்று விமர்சகர்கள் எழுதுகிறார்கள். உண்மைதான்.

என் மனைவி சமவெளியில் ஒரு கான்வென்டில் படித்தவள். ஏழு வயதில் விடுதியில் சேர்க்கப்பட்டவள். அதைப் பற்றி அவள் அதிகம் பேசமாட்டாள்.

2011 ஜூன் மாதம். எங்கள் பெண்ணுக்கு ஐந்து வயது நிரம்பியிருந்தது. எந்தப் பள்ளி என்ற பேச்சு வீட்டில் சூடாக நடந்துகொண்டிருந்தபோது பத்திரிகைகளில் ஒரு செய்தி வந்தது. ஈரோடு மாவட்டக் கலெக்டர் ஆனந்தகுமார் தம் மகளைக் குமலன்குட்டை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில், இரண்டாம் வகுப்பில், தமிழ் வழியில் சேர்த்துவிட்டார். மற்றக் குழந்தைகளோடு சத்துணவும் சாப்பிடட்டும் என்று சொன்னாராம். தமிழ்நாடு முழுவதும் அதைப் பற்றியே பேச்சு. கலெக்டர் தம் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது ஓர் அதிசயமாகப் போய்விட்டதே என்பதுதான் எனக்கு அதிசயமாக இருந்தது. காமராஜ் காலத்தில் 1956ல் மதிய உணவு போட்டு, ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்து, படித்தவர்கள் பெருகி, அந்தப் படித்தவர்கள் அத்தனை பேரும் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்தப் பள்ளிகளைவிட்டு வெளியேறிய பிறகு, ஒருவர் திரும்பி உள்ளே போனது செய்தியாகிவிட்டது!

பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "நாமும் செய்தால் என்ன?" என்றேன்.

மனைவி உடனே, "சரி" என்றாள். நான் அவ்வளவு சுலபமான வெற்றியை எதிர்பார்க்கவில்லை.

சண்டை மாமனாரிடமிருந்து வந்தது. அவர் பொதுப்பணித் துறையில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜில்லா போர்டு பள்ளியில் வெறுங்காலோடு படித்தவர்.

"மாப்பிள்ளை, என் தகப்பனார் முக்கால் காணி நிலத்தை விற்று என்னை அந்த மாதிரிப் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே கொண்டுவந்தார். நான் சம்பாதித்து என் பெண்ணைக் கான்வென்டில் போட்டேன். நீங்கள் என்னடாவென்றால் என் பேத்தியை மறுபடியும் உள்ளே கொண்டுபோய் விடுகிறேன் என்கிறீர்கள். ஏழ்மை உங்களுக்கு உல்லாசப் பிரயாணம். எனக்கு அது பிறந்த ஊர்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. அவர் மேலும் ஒன்று சொன்னார்: "கொள்கை உங்களுடையது. குழந்தை உங்களுடையது இல்லை. அவள் அவளுடையவள்."

வாசகர்களிடம் மறைப்பானேன்? என் நோக்கம் முழுக்க முழுக்கத் தூயதும் அல்ல. விடுதிப் பள்ளிக் கட்டணத்தை நினைத்தால் எனக்கு மயக்கம் வந்தது. பஞ்சாயத்துப் பள்ளி வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. 'எழுத்தாளர் தம் பெண்ணை அரசுப் பள்ளியில் சேர்த்தார்' என்று யாராவது எழுதினால் அது எனக்குக் கசக்கவும் செய்யாது. என் மனைவியின் காரணம் மட்டுமே சுத்தமானது. அவள் அதை அன்று இரவுதான் சொன்னாள். "தினம் சாயங்காலம் நாலு மணிக்கு என் பெண் வீட்டுக்கு வரணும். அவ்வளவுதான் எனக்கு."

பள்ளி ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் பயிற்சி என்றோ வாக்காளர் பட்டியல் என்றோ போய்விட்டால் ஐந்து வகுப்புக்கும் ஒருவர். ஆனால் உள்ளே நுழைந்த முதல் நாள் நான் அசந்துதான் போனேன். பெஞ்சுகள் கிடையாது. குழந்தைகள் பாயில் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சுவரின் அடிப்பாகத்தில் நீளமாகக் கரும்பலகை. ஒவ்வொரு குழந்தைக்கும் அதில் சொந்தமாக ஒரு பகுதி. தலைக்கு மேலே கம்பிப் பந்தல்; அதில் அவர்கள் எழுதியதும் வரைந்ததும் தோரணமாகத் தொங்கின. அப்போது தமிழ்நாடு முழுவதும் செயல்வழிக் கற்றல் என்ற முறை நடந்துகொண்டிருந்தது. பாடங்கள் அட்டைகளாக இருக்கும். ஏணிப்படி போன்ற ஒரு படத்தைப் பார்த்துத் தன் அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு குழந்தை உட்காரும். ஆந்திரத்தில் ரிஷி வேலிப் பள்ளியினர் சுற்றுக் கிராமங்களில் வளர்த்த முறை அது. என் விடுதிப் பள்ளியில் பத்து வருஷம் படித்தும் ஒரு தடவைகூட என் கையால் கரும்பலகையில் எழுதியதாக ஞாபகம் இல்லை.

பெண் சந்தோஷமாகவே போனாள். முதல் வாரம் மனைவி டப்பாவில் தயிர்சாதம் கொடுத்து அனுப்பினாள். இரண்டாவது வாரம் டப்பா காலியாக வந்தது, ஆனால் பெண் தயிர்சாதம் சாப்பிடவில்லை என்று துப்பு கிடைத்தது. தயிர்சாதத்தைக் கொடுத்துவிட்டுச் சத்துணவு ஆயாவிடம் சாம்பார் சாதமும் முட்டையும் வாங்கியிருக்கிறாள். முதல் மாதம் பேன் வந்தது. மாமனார் ஒன்றும் சொல்லாமல் கடைத் தெருவுக்குப் போய்ப் பேன்சீப்பு வாங்கி வந்து மேஜைமேல் வைத்தார். அந்த மௌனம் பெரிய சொற்பொழிவு.

பாஷையும் வந்தது. எந்த மரத்துக்கு என்ன பெயர், எந்தப் பூச்சி கடித்தால் எந்த இலை, மழை எந்தப் பக்கம் கூடினால் மேலே வரும் - எல்லாம் அவள் வாயில். நான் நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக அவள் பின்னால் அலைந்தேன். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நான் 25 பைசா கொடுத்து இழந்ததை ஆறு வயதுப் பெண் இலவசமாக வீட்டுக்குக் கொண்டுவந்தாள் என்று எழுத ஆசைதான். ஆனால் என் வயதை அவ்வளவு கூட்டிச் சொல்வானேன்? முப்பது வருஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் கழிப்பறை இருந்தது, தண்ணீர் இல்லை. எனக்குத் தாங்கவில்லை. பெயர் அச்சடித்த தாளில் ஒரு கடிதம் எழுதி உரிய அலுவலகத்துக்கு அனுப்பினேன். பதினாறாவது நாள் குழாய் வந்துவிட்டது. நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு பள்ளிப் பக்கம் போனேன். அங்கே தோட்ட வேலைக்குப் போகிற ஓர் அம்மாள் தன் பையனை விட வந்திருந்தாள். என்னிடம் பேசவில்லை, என் பெண்ணின் கன்னத்தைத் தொட்டு, "நாங்க மூணு வருஷமா கேட்டுக்கிட்டே இருந்தோம், கண்ணு. உங்கப்பா ஒரு தடவை கேட்டாரு, வந்துருச்சு" என்றாள். கோபமும் இல்லை, நன்றியும் இல்லை. மழை வந்தது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

ஹர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1970ல் எழுதிய ஒரு சிறு புத்தகத்தில் இந்த விஷயத்தை ஆராய்ந்திருக்கிறார். ஒரு பொதுப் பள்ளிக்கூடம் சீர்கெட ஆரம்பித்தால், தரத்தைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறவர்கள்தாம் முதலில் தம் பிள்ளைகளை வெளியே எடுப்பார்கள். சத்தம் போடக் கூடியவர்களும் அவர்களே. அவர்கள் போன பிறகு கேட்பதற்கு ஆள் இல்லை, ஆகவே பள்ளி மேலும் கெடுகிறது என்கிறார். 2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் இதற்கு நேரடியான மருந்தே எழுதிக் கொடுத்தது. உத்தரப் பிரதேசத்தில் அரசுச் சம்பளம் வாங்குகிற அனைவரும், நீதித்துறையினர் உள்பட, தம் பிள்ளைகளை அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கே அனுப்பவேண்டும் என்று சொல்லிற்று. படித்தபோது கைதட்டினேன். அந்த உத்தரவு நடைமுறைக்கு வராமலே போயிற்று. போகட்டும், ஆனால் அந்த அம்மாள் சொன்ன வார்த்தைக்கு அந்தத் தீர்ப்பிலும் பதில் இல்லை. என் பெண் அங்கே படிக்கிற வரையில் குழாயில் தண்ணீர் வரும். அவள் ஐந்தாம் வகுப்பு முடித்து வெளியேறிய பிறகு? குழந்தைக்கு ஒரு கழிப்பறை என்றால், அதற்குப் பிணையாக ஒரு கலெக்டரின் பெண்ணோ எழுத்தாளனின் பெண்ணோ அங்கே உட்கார்ந்திருக்க வேண்டுமா?

ஆறாம் வகுப்பிலிருந்து வேறு அரசுப் பள்ளி. அந்த வருஷங்களை விரித்துச் சொல்லப் போவதில்லை. நல்ல ஆசிரியர்கள் இருந்தார்கள்; வகுப்புக்கு வராத ஓர் ஆசிரியரும் இருந்தார்; என் பள்ளியிலும் அப்படித்தான். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் பெண் அரசுப் பள்ளியில் படித்தாள் என்பது பாதி உண்மை. மாலை நாலரை மணிக்கு மேல் அவள் படித்தது கான்வென்டில்தான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர், சுவர் நிறையப் புத்தகங்கள், கணக்குக்குத் தாத்தா. 2020ல் கொரோனா வந்து பள்ளிகள் மூடியபோது இந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது. கீழ்க் குடியிருப்புகளில் செல்போனுக்குச் சிக்னல் இல்லை. அவளுடைய தோழிகள் நாலு பேர் எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்து ஒரே போனில் பாடம் கேட்டார்கள். சாயங்காலம் அவர்கள் இறங்கிப் போவார்கள். எங்கள் பெண் உள்ளே வருவாள்.

அந்த வருஷக் கடைசியில்தான் தமிழ்நாட்டில் புதுச் சட்டம் வந்தது. நீட் தேர்வு வந்த பிறகு அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைகிறவர்கள் விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டதால், நீதிபதி கலையரசன் குழுவின் அறிக்கையைக் கொண்டு, அவர்களுக்கு 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு என்றார்கள். 2021ல் அதைப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் எல்லாவற்றுக்கும் நீட்டினார்கள். கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொண்டது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. அப்பாவும் அம்மாவும் எங்கே படித்தார்கள் என்ற கேள்வி விண்ணப்பத்தில் இல்லை.

நான் அந்தச் சட்டத்தை வரவேற்றுக் கட்டுரைகூட எழுதினேன். 2023ல் எங்கள் பெண் வேளாண்மைப் படிப்புக்கு விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தபோதுதான் அந்தக் கட்டம் என் கண்ணில் பட்டது.

"அதில் 'இல்லை' என்று போடேன், அம்மா" என்றேன்.

"பொய் எழுதச் சொல்றீங்களா, அப்பா?"

"பொய் இல்லை. சலுகை வேண்டாம் என்று ஒதுங்குவது. நீ எடுக்கிற இடத்துக்குப் பின்னால் வரிசையில் ஒரு பெண் நிற்கிறாள். அவள் வீட்டில் தாத்தா கணக்குச் சொல்லித்தர மாட்டார். அந்த இடம் அவளுக்காகப் போட்டது."

சொல்லிவிட்டு நான் காந்திஜியை வேறு துணைக்கு அழைத்தேன். தென்னாப்பிரிக்காவில் அவர் நினைத்திருந்தால் தம் பிள்ளைகளை வெள்ளைக்காரர் பள்ளியில் சேர்த்திருக்கலாம். மற்ற இந்தியக் குழந்தைகளுக்கு இல்லாத தயவு எனக்கு மட்டும் எதற்கு என்று மறுத்துவிட்டார் என்றேன்.

பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "ஹரிலால் கதையும் எனக்குத் தெரியும், அப்பா."

அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. நான் வாங்கி வைத்த புத்தகங்கள்தானே! டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா, காந்தியின் பிள்ளைகளில் ஒருவரை லண்டனில் படிக்கவைக்க உதவித்தொகை தருவதாகச் சொன்னார். ஹரிலால் அதற்காக ஏங்கினார். தகப்பனார், தகுதி உள்ள வேறொருவருக்குப் போகட்டும் என்று சகன்லாலை அனுப்பினார். அவர் உடம்புக்கு முடியாமல் திரும்பி வந்ததும் மறுபடியும் மகனைத் தாண்டி சொராப்ஜி என்ற இளைஞரை அனுப்பினார். 1911ல் ஹரிலால் தகப்பனாரைவிட்டுப் போனார். பின்னால் அவர் வாழ்க்கை ஆன விதம் எல்லோருக்கும் தெரியும்.

"அஞ்சு வயசில் என்னைக் கேட்காம அங்கே கொண்டுபோய் விட்டீங்க. சரி. எனக்கு அது பிடிச்சுது. பேன் வந்தது, படிச்சேன். ஆறு மாசம் கெமிஸ்ட்ரிக்கு டீச்சர் இல்லாம படிச்சேன். பன்னிரண்டு வருஷம் அங்கே உட்கார்ந்தது நான், நீங்க இல்லை. இப்போ அதுவும் என்னுடையது இல்லைன்னா, எது என்னுடையது?"

என் மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மாமனாருக்கு அப்போது 84 வயது, காது மந்தம். ஆனாலும் இந்தச் சண்டை முழுவதும் அவருக்குக் கேட்டிருக்கிறது. "நான் அப்போதே சொன்னேன்" என்று அவர் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து வந்து, பேத்தியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அடுத்த பக்கத்தில் என்ன கேட்டிருக்கிறான், படி" என்றார்.

அவள் 'ஆம்' என்ற கட்டத்தில் குறியிட்டாள். இடமும் கிடைத்தது. திண்ணையில் உட்கார்ந்து படித்த நாலு பேரில் ஒருத்தி சேலத்தில் நர்ஸிங் சேர்ந்தாள். ஒருத்திக்குக் கல்யாணம் ஆயிற்று. மற்ற இருவரும் கீழே கடைகளில் வேலைக்குப் போகிறார்கள். வரிசையில் பின்னால் நின்ற அந்தப் பெண் யாரென்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

கல்லூரியில் சேர்க்கப் போன அன்று நான் செக் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். பெண்ணுக்குத் தெரியாது. அவள் விடுதி பார்க்கப் போன சமயத்தில் கட்டணம் வாங்குகிற ஜன்னலுக்குப் போய், அவளுடைய எண்ணைச் சொல்லி, முழுக் கட்டணத்தையும் கட்டிவிடுகிறேன் என்றேன். அங்கே இருந்த இளைஞர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார்.

"இது ஏழரை சதவீதம் சார். நீங்க கட்ட வேண்டியது ஒண்ணும் இல்லை."

"தெரியும். ஆனாலும் கட்டுகிறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பொறுமையாக, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கட்டணம் என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது.

"இங்கே தொகை போட கட்டமே இல்லை சார். நான் வாங்கினாலும் எதில் வரவு வைப்பேன்? கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பின்னால ஆள் இருக்காங்க."

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஒரு தகப்பனாரும் ஒரு பெண்ணும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் கையில் சான்றிதழ்கள் வைத்த பிளாஸ்டிக் உறை. நான் செக்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விலகி நின்று அவர்களுக்கு வழிவிட்டேன்.